விதியா? உணவா?

திருமழிசையில் என் அத்தை ஒருநாள் காலை, கோலம் போட்டுக்கொண்டிருந்தபோதே மயங்கி வீழ்ந்தார். நீரிழிவு நோய் உள்ளவர். மாத்திரையைத் தவறாமல் விழுங்கினார். உணவையோ அறவே குறைத்துவிட்டார். ஏதோ ஒரு பொட்டலத் தூளைக் கரைத்துக் குடித்தால் நோய் பறந்தோடும் என்று அண்டை வீட்டார் கூறியதை நம்பினார். இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று உயிர் மீட்டோம். பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "எல்லாம் விதி!"

விதியாம்! மாத்திரை உண்டு உணவை விட்டால் சர்க்கரை தாழும் என்பது விதியல்ல, தோழர்களே, விஞ்ஞானம். உணவுக்கும் உடலுக்கும் உள்ள உறவை மனிதன் எளிதில் அறிந்துவிடவில்லை. ஐயுற்றான், ஆராய்ந்தான், அளந்தான், பிறகே அறிந்தான். அந்த வரலாற்றில் நம் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் பெரிபெரி என்னும் நோய் மக்களை வாட்டியது. கால்கள் வலுவிழக்கும், உடல் வீங்கும், இதயம் ஓயும். கிருமியே காரணம் என்றனர். ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளைக் கண்டார். தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகள் தள்ளாடின. தவிடு நீங்காத அரிசி தின்றவை தேறின. வெண்மை வேண்டுமென்று தீட்டித் தள்ளிய தவிட்டிலேதான் உயிர் காக்கும் சத்து இருந்தது! பி1 என்று இன்று நாம் அழைக்கும் வைட்டமின் அது. அப்பணிக்காக 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே நோய் அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், ஆந்திரக் கடலோரத்திலும் இருந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசியே அங்கு உணவு. புழுங்கலரிசி உண்டோரிடம் நோய் அரிது. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய சத்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. தீட்டினாலும் முற்றும் போவதில்லை. நம் பாட்டிமார் காரணம் அறியாமல் செய்த செயலுக்கு ஆய்வுக்கூடம் காரணம் கண்டது. பழமை என்பதால் போற்றவுமில்லை, பழமை என்பதால் தூற்றவுமில்லை, சோதித்துப் பார்த்தது. பகுத்தறிவு என்பது அதுதானே!

அந்த ஆய்வுக்கூடம் எங்கே இருந்தது? நீலகிரியில், குன்னூரில். 1918இல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையிலே, பெரிபெரியை ஆராய ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் பணி தொடங்கினார். பின்னர் அவர் செய்த ஒரு சோதனையை நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஓரினத்து எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாபின் சீக்கியர் உணவு: முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. மற்றொன்றுக்குச் சென்னை ஏழையின் உணவு: பெரும்பாலும் வெறும் சோறு. முதற்கூட்டம் கொழுத்து வளர்ந்தது. பின்னது மெலிந்து நின்றது.

எண்ணிப் பாருங்கள்! "போர்க்குடியினர் பிறவியிலேயே வலியவர், மற்றவர் பிறவியிலேயே எளியவர்" என்று அந்நாள் ஆட்சியாளர் மனிதரை வகை பிரித்தனர். எலிகளுக்கு ஏது குலம்? வேறுபட்டது பிறப்பன்று, உண்ட உணவு! பிறப்பைக் காட்டி மனிதனைத் தாழ்த்துவோர் தலையில் ஒரு சுண்டெலி வைத்த குட்டு அது!

மக்காரிசனுக்குப் பின் வந்த எய்க்ராய்ட், நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்தை அளந்து 1937இல் பட்டியல் வெளியிட்டார். அந்நிலையம் 1958இல் ஐதராபாத்துக்குச் சென்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் அதன் தலைவராக இருந்து அப்பட்டியலை விரிவாக்கினார். பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து, 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியிலும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விரிந்து, 2022இல் காலை உணவாகவும் வளர்ந்தது. அறிவு ஏட்டோடு நில்லாமல் ஏழையின் தட்டுக்கு வந்த கதை இது.

இன்று நம்மைத் தாக்கும் பகை வேறு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறியது. இந்தப் போருக்குப் படைத்துணை யார்? மருத்துவரோடு உணவியல் வல்லுநரும்தான். மருத்துவமனையில் டயட்டீஷியன் என்பார்களே, அவர். குன்னூரில் தொடங்கி நூறாண்டாகச் சேர்ந்த அறிவை, ஒருவருடைய வயதுக்கும் நோய்க்கும் உழைப்புக்கும் வருவாய்க்கும் ஏற்பப் பிரித்துத் தருவதே அவர் தொழில். 2021ஆம் ஆண்டின் மருத்துவத் துணைப் பணியாளர் சட்டம் அவரையும் உரிய வல்லுநராக ஏற்றிருக்கிறது.

என் அத்தையை அத்தகைய ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். "சோறே கூடாது" என்று அவர் மிரட்டவில்லை. "அம்மா, காலையில் எப்போது எழுகிறீர்கள்? மாத்திரை எப்போது? வீட்டில் என்ன சமைப்பீர்கள்? மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும்?" என்று கேட்டார். சோற்றைக் கரண்டியால் அளக்கச் சொன்னார். கீரையும் சுண்டலும் முட்டையும் சேர்த்தார். வேளை தவறக் கூடாது என்றார். பொட்டலத் தூள் விற்றவன் அத்தையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விலையை மட்டுமே சொன்னான். அறிவுக்கும் மோசடிக்கும் அதுவே வேறுபாடு.

தோழர்களே! உங்கள் வீட்டில் நீரிழிவோ, சிறுநீரக நோயோ, கருவுற்ற தாயோ, மெலிந்த குழந்தையோ உண்டெனில், மருத்துவரிடம் கேட்டு, உணவியலில் பட்டம் பெற்ற வல்லுநரை நாடுங்கள். மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் அவர்கள் பணிபுரிகிறார்கள். அந்த உதவி சிற்றூர் நிலையத்துக்கும் வர வேண்டும் என்று உரிமையோடு கேளுங்கள். "விதி" என்று சொல்லும் வாயை, "என்ன உண்டாய்?" என்று கேட்கப் பழக்குவோம். அத்தை இன்று மீண்டும் கோலம் போடுகிறார், காலை உணவுக்குப் பிறகு!