காட்சி உரைத் தொகுப்பி

காட்சி உரைத் தொகுப்பி என்பது, இணையப் பக்கமொன்றின் உள்ளடக்கத்தை, அது வாசகருக்குத் தோன்றவிருக்கும் வடிவத்தை ஒத்த தோற்றத்திலேயே எழுதவும் வடிவமைக்கவும் உதவும் மென்பொருட் கூறு ஆகும். இது விசிவிக் தொகுப்பி எனவும் அழைக்கப்படுகின்றது. "காண்பதே கிடைப்பது" என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களால் ஆன பெயர் இது. எச்.டி.எம்.எல் போன்ற குறிமொழிகளை அறியாதவரும் இதன் துணையுடன் இணையத்தில் எழுத முடியும்.

வரலாறு

இவ்வகைத் தொகுப்பிகளின் முன்னோடி, 1974 ஆம் ஆண்டில் செராக்சு நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆல்டோ கணினிக்காக உருவாக்கப்பட்ட பிராவோ என்னும் மென்பொருள் ஆகும். பட்லர் லாம்சன், சார்லசு சிமோனி ஆகியோர் இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தனர். 1990 இல் டிம் பேர்னர்சு-லீ எழுதிய முதல் இணைய உலாவி, பக்கங்களைக் காட்டியதோடு அவற்றைத் தொகுக்கவும் இடமளித்தது. பின்னர் பரவலான உலாவிகள் பெரும்பாலும் படிப்பதற்கு மட்டுமே பயன்பட்டன.

2000 ஆம் ஆண்டில் வெளியான இன்டர்நெட் எக்சுபுளோரர் 5.5, பக்கத்தின் ஒரு பகுதியைத் தொகுக்கத்தக்கதாக மாற்றும் பண்பை அறிமுகப்படுத்தியது. 2003 இல் மொசில்லா உலாவியும் இத்தகைய வசதியைப் பெற்றது. இவற்றின் அடிப்படையில் எஃப்சிகே எடிட்டர் (2003), டைனிஎம்சிஇ (2004) ஆகிய தொகுப்பிகள் தோன்றின. முன்னது 2009 இல் சிகே எடிட்டர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. வேர்டுபிரசு 2005 இல் வெளியிட்ட 2.0 பதிப்பில் டைனிஎம்சிஇயைச் சேர்த்துக்கொண்டது. 2018 டிசம்பரில் வெளியான 5.0 பதிப்பில் துண்டுகளாகத் தொகுக்கும் புதிய முறை இயல்பிருப்பாக்கப்பட்டது.

செயற்படும் முறை

பயனர் ஒரு சொல்லைத் தெரிவுசெய்து "தடித்த எழுத்து" பொத்தானை அழுத்தினால், தொகுப்பி அச்சொல்லைச் சுற்றி உரிய குறிச்சொற்களை இடுகின்றது. திரையில் மாறுவது தோற்றம், சேமிக்கப்படுவது குறிமொழி. தொடக்ககாலத் தொகுப்பிகள் இப்பணியை உலாவியிடமே விட்டன. ஆனால், புதிய பத்திக்காக எண்டர் விசையை அழுத்துதல் போன்ற எளிய செயலுக்குக்கூட உலாவிகள் வெவ்வேறு குறிச்சொற்களை உருவாக்கின. ஆகவே, சிகே எடிட்டர் 5 போன்ற பிற்காலத் தொகுப்பிகள் உரையின் கட்டமைப்பைத் தாமே தனியாகப் பேணுகின்றன.

தோற்றமும் கட்டமைப்பும்

காட்சித் தொகுப்பியில் ஒரே தோற்றத்தை இரு வழிகளில் பெறலாம். ஒரு வரியைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் இட்டால் அது தலைப்புப்போலத் தோன்றும். எனினும், கணினிக்கு அது சாதாரணப் பத்தியே. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான்கள் தலைப்புக்கு அடுத்த தலைப்பாகத் தாவிச் செல்லும் வசதி கொண்டவை. போலித் தலைப்புக்கள் மட்டுமே உள்ள பக்கத்தில் அவ்வசதி பயனற்றுப் போகின்றது. பொருளடக்கமும் தானாக உருவாகாது. இதனால் பின்வரும் வழக்கங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன:

* தலைப்புக்களைப் பாணிப் பட்டியலிலிருந்து தெரிதல். பக்கத்தின் பெயர் பொதுவாக முதல் நிலையில் இருப்பதால், உட்தலைப்புக்களை இரண்டாம் நிலையில் தொடங்குதல்.
* பத்திகளுக்கிடையே இடைவெளி விட வெற்று வரிகளை இடாதிருத்தல். எண்டர் விசை புதிய பத்தியையும், ஷிஃப்ட் விசையுடன் சேர்த்த எண்டர் பத்திக்குள் புதிய வரியையும் தரும்.
* படங்களுக்கு மாற்று உரை எழுதுதல்.
* இணைப்புக்கு "இங்கே" என எழுதாமல், செல்லும் பக்கத்தைக் குறிக்கும் சொற்களை இடுதல்.
* அட்டவணையைத் தரவுகளுக்கு மட்டும் பயன்படுத்துதல்.

ஒட்டுதலும் தமிழ் உரையும்

சொற்செயலியிலிருந்து படியெடுத்து ஒட்டும்போது, எழுத்துரு, நிறம், அளவு பற்றிய குறிப்புக்களும் உடன் வந்துவிடுகின்றன. இதனால் பக்கத்தின் ஒருசீர்மை குலைகின்றது. வெற்று உரையாக ஒட்டுவதன் மூலமோ "வடிவமைப்பை நீக்கு" பொத்தான் மூலமோ இதனைத் தவிர்க்கலாம்.

தமிழில் இச்சிக்கல் மேலும் கடுமையானது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், இலத்தீன் எழுத்துக்களுக்குரிய குறியெண்களிலேயே தமிழ் வடிவங்கள் அமைந்துள்ளன. அவ்வாறு தட்டச்சிட்ட ஆவணத்தை ஒட்டும்போது எழுத்துருவின் பெயர் நீக்கப்பட்டால், உரை பொருளற்ற இலத்தீன் எழுத்துக்களாகிவிடும். பெயர் நீக்கப்படாவிட்டாலும், அவ்வெழுத்துருவைத் தம் கணினியில் கொண்டவருக்கு மட்டுமே தமிழ் தெரியும். தேடுபொறியும் திரைபடிப்பானும் அதனைத் தமிழாக அறியா. ஆகவே ஒட்டுவதற்கு முன்னரே உரையை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுதல் இன்றியமையாதது. மேலும், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் இல்லாமையால், உலாவி எழுத்தைச் செயற்கையாகச் சாய்த்துக் காட்டுகின்றது. எனவே தமிழில் அழுத்தம் தரத் தடித்த எழுத்தே பொருத்தமானது.

பாதுகாப்பு

தொகுப்பி அனுப்பும் உள்ளடக்கத்தை வழங்கி அப்படியே ஏற்றல் ஆகாது. தீய நோக்குடைய ஒருவர் தொகுப்பியைத் தவிர்த்து, நிரல் வரிகளை நேரடியாகவே அனுப்ப இயலும். அவை பிற வாசகரின் உலாவியில் இயங்கக்கூடும். எனவே, அனுமதிக்கப்பட்ட குறிச்சொற்களை மட்டும் வைத்து ஏனையவற்றை நீக்கும் வடிகட்டல் வழங்கியிலேயே நிகழவேண்டும்.

விக்கிப்பீடியாவில்

விக்கிப்பீடியா விக்கிக் குறியீட்டில் எழுதப்படுவதால், அதனை எச்.டி.எம்.எல் ஆகவும் மீண்டும் விக்கிக் குறியீடாகவும் பிழையின்றி மாற்றவேண்டியிருந்தது. இதற்காகப் பார்சாய்டு என்னும் மென்பொருள் உருவாக்கப்பட்டது. 2013 சூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் காட்சித் தொகுப்பி இயல்பிருப்பாக்கப்பட்டது. வேகக் குறைவும், கட்டுரைகளில் தேவையற்ற குறியீடுகள் புகுந்தமையும் பயனரிடையே எதிர்ப்பைத் தோற்றுவித்தன. அவ்வாண்டு செப்டம்பரில், விரும்புவோர் மட்டும் தெரிவுசெய்யும் வசதியாக அது மாற்றப்பட்டது. பின்னர் குறைகள் படிப்படியாகக் களையப்பட்டன. 2020 இல் வெளியான மீடியாவிக்கி 1.35 பதிப்புடன் காட்சித் தொகுப்பியும் இணைத்தே வழங்கப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

* சொற்செயலி
* ஒருங்குறி
* திரைபடிப்பான்
* மீடியாவிக்கி