சக்கரமும் அணாவும்

நாணயம் மாற்றுவது கடல் கடந்து செல்வோரின் கவலை என்றே இன்று நாம் எண்ணுகிறோம். திருவாங்கூர் சமஸ்தானம் தனித்திருந்த நாளில், அக்கவலை ஆரல்வாய்மொழிக் கணவாயிலேயே தொடங்கிவிட்டது. பிழைப்பு நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவனந்தபுரம் சென்ற நம்மவர், கணவாயைக் கடந்ததும் வேறொரு கணக்கினுள் புகுந்தனர்.

அங்கே 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவாங்கூர் ரூபாய். ஆக, ரூபாய்க்கு 28 சக்கரம். ஆங்கில அரசாங்கத்தின் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். எட்டுக் காசு வேற்றுமைதானே எனலாம். ஆயினும், ஊரிலுள்ள குடும்பத்துக்குப் பத்து ரூபாய் அனுப்ப விரும்பியவர் 285 சக்கரம் சேர்த்தாக வேண்டும். பத்துத் திருவாங்கூர் ரூபாய் கையிலிருந்தாலும் 5 சக்கரம் குறையும். எழுத்துக் கூலியும் தபால் கூலியும் அதற்குமேல்!

சில்லறையில் தொல்லை இன்னும் மிகுதி. ஓர் அணாவைக் கணக்கிட்டால் இருபத்தெட்டரைக் காசு வரும். அந்த அரைக் காசை ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். கணக்கறியாத கூலியாளே பெரும்பாலும் அதை இழந்திருப்பார் என்று நாம் ஊகிக்கலாம்.

கடிதத்துக்கும் இரட்டை வழி இருந்தது. சமஸ்தானத்தினுள் செல்வதற்கு 'அஞ்சல்'. 1888 முதல் அதன் தலைகளில் சங்கு முத்திரையும் சக்கரத்தில் விலையும் இருந்தன. மதுரைக்கு எழுதுவதென்றால் அணாவில் விலை குறித்த ஆங்கிலத் தபால் தலை வேண்டும். அந்த அஞ்சல் 1951-இல் இந்தியத் தபாலோடு இணைந்தது. தபாலுக்கு இன்று நாம் வழங்கும் தமிழ்ச் சொல்லும் அஞ்சலே என்பது இனிய பொருத்தம்.

பழைய வெள்ளிச் சக்கரம் மிளகைவிடச் சற்றே பெரியது, விரலில் நில்லாது. ஆகவே எண்ணுவதற்கு ஒரு மரப்பலகை வைத்திருந்தனர். அதில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். குழிக்கு ஒரு சக்கரம். கைநிறைய அள்ளிக் கொட்டி, பலகையை அசைத்து, மிகுந்ததை வழித்துவிட்டால் நூறோ ஆயிரமோ ஒரு நொடியில் எண்ணப்பட்டுவிடும். எண்ணத் தெரியாதவனும் ஏமாறாத கருவி அது. அணாக் கணக்குக்கு அத்தகைய பலகை வாய்க்கவில்லை.

1949 ஜூலை 1 அன்று திருவாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சக்கரம் மெல்ல விடைபெற்றது. 1957-இல் அணாவுக்கும் அதே கதி நேர்ந்து, நூறு புதிய காசு ஒரு ரூபாயாயிற்று. ஆனாலும், சிறிது பொருளீட்டுவதை 'நாலு சக்கரம் உண்டாக்குவது' என்று சொல்லும் மலையாளியைத் திருவனந்தபுரத்தில் இன்றும் காணலாம். பழைய கணக்கில் அது சரியாக ஒரு பணம்.