சிவபாதசுந்தரம், சோ. (1912–2000)

தமிழ் வானொலியின் தொடக்கக் கால ஒலிபரப்பாளர், நிகழ்ச்சி அமைப்பாளர், இதழாசிரியர், பயண நூலாசிரியர், இலக்கிய வரலாற்றாசிரியர். யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் இவரது ஊர். 'சைவ போதம்' எழுதிய புலோலி சு. சிவபாதசுந்தரம் வேறொருவர், முதலெழுத்தைக் கவனித்துப் பிரித்தறிய வேண்டும்.

சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையா 1930இல் தொடங்கி நடத்திய 'ஈழகேசரி'க்கு 1938 முதல் ஏறத்தாழ நான்காண்டுகள் ஆசிரியராக இருந்தார். ஈழத்தில் நவீன சிறுகதை வேர்பிடித்த ஆண்டுகள் அவை. அதன்பின் வானொலிக்கு வந்தார்.

இவரைத் தமிழ் ஒலிபரப்பின் முதல்வர் என்று சொல்வதுண்டு. அதைச் சற்று வரையறுத்தே கொள்ள வேண்டும். சென்னையில் 1924இலேயே மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும் திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் பிறந்தன. கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. எனவே காற்றில் ஒலித்த முதல் தமிழ்க் குரல் இவருடையது என்று கொள்ள இடமில்லை. இலங்கை வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வடிவம் கொடுத்த முன்னோடிகளில் ஒருவர் என்பதே பொருத்தம்.

அவரது வாழ்வில் பெரிதும் பேசப்படுவது லண்டன் காலம். இரண்டாம் உலகப் போர்க்காலத் தேவைக்காக பிபிசி 1941 மே 3 அன்று தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. 'செய்தி மடல்' என்ற பெயரில் அது வந்துகொண்டிருந்தது. சிவபாதசுந்தரம் அங்கே பணியாற்றியபோது, பாரதியின் பாட்டிலிருந்து எடுத்து அதற்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டார். ஆண்டைத் துல்லியமாகச் சொல்வதைவிட, இந்தியாவும் இலங்கையும் விடுதலை பெற்றதையொட்டிய காலம் என்று கொள்வது பாதுகாப்பானது. மடல் என்றால் எழுதி அனுப்புவது; ஓசையோ காதுக்கே உரியது. வானொலி எழுத்தின் நீட்சியன்று, தனியொரு கலை என்று நம்பியவர் வைத்த பெயர் அது. 2017 ஏப்ரல் 30 அன்று வானொலிச் சேவை நிறுத்தப்படும்வரை அப்பெயரே நிலைத்திருந்தது.

ஒலிநாடா பரவலாகாத அந்நாட்களில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரடியாகவே போயின. பேச்சாளர் தடுமாறினால் திருத்தி மறுபடி ஒலிபரப்ப வழியில்லை. மேடைப் பேச்சில் ஊறிய தமிழ், வீட்டில் தனியே அமர்ந்து கேட்பவரோடு பேசப் பழக வேண்டியிருந்தது. உரையை எழுதிப் படித்தாலும் படிப்பதாகத் தெரியக்கூடாது; நாடகத்தில் நடிகரின் முகமும் அரங்கும் இல்லாத குறையைக் குரலும் ஒலியும் நிறைக்க வேண்டும். இவற்றையெல்லாம் பட்டறிவாக மட்டும் விட்டுவிடாமல், 'ஒலிபரப்புக் கலை' (1954) என்ற நூலில் இத்தொழிலைப் பற்றித் தமிழில் எழுதிவைத்தார். இத்துறைக்குத் தமிழில் தனி நூல்கள் இல்லாத காலம் அது. பேசிய பேச்சு அன்றே காற்றோடு போய்விடும் தொழிலில், பின்வருவோருக்காக எழுத உட்கார்ந்தவர் என்பதுதான் இவருடைய தனிப்பெருமை.

அவர் எழுதிய காலத்தில் கொழும்பின் குரல் தமிழகம் முழுவதும் கேட்கத் தொடங்கியிருந்தது. போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக நடந்த ஒலிபரப்புக்கென ஏகலையில் இருந்த அலைபரப்பிகள் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் குறைத்தபோது நேயர்கள் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1 அன்று விடுபட்ட புதுச்சேரிக்கு அப்போது சொந்த நிலையம் கிடையாது. 1967 செப்டம்பர் 23 அன்றுதான் அங்கே வானொலி நிலையம் வந்தது. அதுவரை அவ்வூரின் வானொலிப் பெட்டிகளுக்குத் தமிழ் வெளியூர் அலைகளில்தான் வந்தது.

பயண நூல்களில் 'மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்' (1947), 'கௌதம புத்தர் அடிச்சுவட்டில்' இரண்டும் குறிப்பிடத்தக்கவை. பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்தார். திருச்சி வானொலியில் பணிபுரிந்த சிட்டியுடன் (பெ.கோ. சுந்தரராஜன்) சேர்ந்து எழுதிய 'தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்' (1977), 'தமிழில் சிறுகதை: வரலாறும் வளர்ச்சியும்' (1989) ஆகியவை இன்றும் ஆய்வாளர் மேற்கோள் காட்டுபவை. வானொலிக்காரர் இருவர் எழுதியதாலோ என்னவோ, அவற்றில் கதை சொல்லும் தெளிவு இருக்கிறது. 2000 நவம்பர் 8 அன்று காலமானார்.

தொலைக்காட்சி இவரது களமன்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல்தான் வந்தது. கொழும்பு வானொலி மரபில் வளர்ந்த அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் பின்னாளில் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி மூலம் சின்னத்திரைக்கும் சென்றார்.

புதுவைப் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் இன்று மின்னணு ஊடகம் பாடமாகிவிட்டது. அங்கே பயிலும் தமிழ் மாணவர்கள் ஆங்கிலப் பாடநூலைத் திறக்குமுன் 'ஒலிபரப்புக் கலை'யை ஒருமுறை படிக்க வேண்டும்.