முதியோர் கல்வியும் கணனியும்: தீவகத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத் தீவகத்தின் முதியோர் கல்வியை எழுத்தறிவின்மை என்ற ஒன்றினுள் அடக்கிவிட முடியாது. 1945 முதல் இலவசக் கல்வி நிலவும் நாடு இது. ஆயின், 1990-91இற் போரினால் இடம்பெயர்ந்தோர் பலரின் கல்வி இடையில் முறிந்தது. கடற்றொழிலாளர்க்கு வேண்டுவது காற்றும் அலையும் பற்றிய அறிவு, சங்கக் கணக்கு, அரச படிவங்கள் ஆகியனவாம். இவற்றைக் கணனிவழிப் புகட்டலாம் என்பதில் ஐயமில்லை. அப்பாடத்தை யார் ஆக்குவது என்பதே வினா.

இவ்வினா கணனிக்கு முற்பட்டது. 1963இற் பிரேசிலின் அங்கிக்கோசு என்னும் ஊரில், பாவுலோ பிரெய்ரேயின் குழுவினர் ஏறத்தாழ 300 பேருக்கு நாற்பது மணிநேரப் பயிற்சியில் எழுத்தறிவிக்க முயன்றனர். கற்போரின் பேச்சிலிருந்தே சொற்கள் திரட்டப்பட்டன; அவற்றுக்கான படங்கள் சுவரில் ஒளிவீழ்த்தப்பட்டன. சொல்லைக் கற்பதும் தம் நிலைமையை ஆராய்வதும் அங்கு ஒரே செயலாயின. 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத்தினர் அவரைச் சிறையிலிட்டமை வியப்பன்று.

2000ஆம் ஆண்டளவில், எஃப். சி. கோலியின் முன்முயற்சியால் டாட்டா கன்சல்ட்டன்சி நிறுவனம் ஆந்திராவின் மேடக் மாவட்டத்திற் கணனிவழி எழுத்தறிவைச் சோதித்தது. பின்னர் தமிழிலும் அது ஆக்கப்பட்டது. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூல்களே அதற்கு அடிப்படை. அசையும் படமும் குரலும் சேர, சொற்களை முழுவடிவில் இனங்காணும் முறையில், சுமார் நாற்பது மணிநேரத்தில் வாசிக்கப் பயிற்றினர். சாதனைதான். எனினும் பாடம் முன்னரே வகுக்கப்பட்டது. கற்பவர் அதனுட் புகுத்தக்கூடியது சிறிதே.

இதனினும் தீவகத்துக்கு அணுக்கமானது புதுச்சேரி அனுபவம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. கட்டடத்தை ஊர் தரவேண்டும். தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட அனைவருக்கும் அது திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உள்ளூர்த் தொண்டர்களே நிலையங்களை நடத்தினர். அவர்களுட் பெண்கள் பலர். ஊரார்க்கு எது வேண்டும் என்று கேட்டறிந்தே தகவல் திரட்டப்பட்டது. மீனவரூரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையுயர முன்னறிவிப்பு பெறப்பட்டுத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அயல்நாட்டுக் கடற்படை தன் தேவைக்காகத் தொகுத்த தரவு கட்டுமரக்காரருக்குப் பயன்பட்டமை வரலாற்றின் முரண்நகைகளுள் ஒன்று. 2004 டிசம்பர் 26இல், சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு ஊரவர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தபோது, அவ்வூர் நிலையத்தின் ஒலிபெருக்கியே மக்களைக் கரையிலிருந்து அகற்றியது. உறவினர் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தீவகத்தார் இச்செய்தியை மனங்கொள்ளல் தகும்.

தீவகக் கடலோடி காற்றை வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசையும் பருவமும் தோன்ற வேறுபடுத்துகிறான். கணனித் திரையோ அதனைப் பாகையிலும் வேகத்திலும் காட்டுகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் பாடத்தைக் கொழும்பிலுள்ள நிரலர் தனித்து ஆக்க முடியாது. கடலோடி தனித்தும் ஆக்க முடியாது. எவ்வளவு அலையுயரத்தில் எவ்வகை வள்ளம் இறங்கலாம் என்று கணனி வினவி, அனுபவசாலி அளிக்கும் விடை அதனோடு முரண்படுமாயின், திருத்தப்பட வேண்டியது பாடமாகவும் இருக்கலாம். அத்திருத்தத்துக்கு இடமளிக்கும் அமைப்பையே ஊடாட்டம் என்று கூறத்தகும். பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம் வருவதை அப்பெயரால் அழைப்பது மிகை.

நிலையம் எங்கே அமையும், யார் அதன் வாயிலைத் தடையின்றிக் கடப்பர் என்பது சாதியமைப்பு இறுகிய எமது சமூகத்திற் சிறு கேள்வியன்று. மின்வசதியும் அவ்வாறே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றிற் காற்றும் சூரியஒளியும் கலந்த மின்னமைப்புகளை நிறுவ இந்திய நன்கொடையுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது 2024 மார்ச்சிலேயே.