ஊர் சிறிது, நாணயம் பொது: புதுச்சேரி வரலாறு தரும் படிப்பினை

வளைகுடாவில் உழைப்பவர் ஒருவரேனும் இல்லாத தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் குறைவு. ஒரு வீட்டிற்குத் திர்ஹம் வருகிறது, அடுத்த வீட்டிற்கு ரியால் வருகிறது, மற்றொரு வீட்டிற்குக் குவைத் தீனார் வருகிறது. இந்நாடுகள் அனைத்தும் 2010ஆம் ஆண்டிற்குள் ஒரே நாணயத்திற்கு மாறிவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் திட்டமிட்டன. ஓமன் 2006இல் விலகிக்கொள்வதாக அறிவித்தது. பொது நாணய மன்றத்தின் தலைமையிடம் ரியாத் என்று முடிவானதும், 2009இல் ஐக்கிய அரபு அமீரகமும் விலகியது. திட்டம் இன்றுவரை நிறைவேறவில்லை.

சிறிய நாடுகள் தம் அண்டை நாடுகளோடு சேர்ந்து ஒரே நாணயத்தைக் கையாள்வது நன்மையா, தீமையா என்ற கேள்வி பொருளாதார நிபுணர்களுக்கு மட்டும் உரியதன்று. பிறர் நிர்ணயித்த நாணயத்தோடு பல தலைமுறைகள் வாழ்ந்த ஊர் நமக்கு அருகிலேயே இருக்கிறது. அதுதான் புதுச்சேரி. அதன் வரலாற்றைப் புரட்டினால் இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும் என்பது நமது எண்ணம்.

பிறருடைய நாணயத்தைப் பயன்படுத்துவது இழிவானதன்று என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு மக்களிடம் சொந்த நாணயம் இருக்கவில்லை. ரோமப் பேரரசின் பொன் தீனாரும் பாரசீகத்தின் வெள்ளி திர்ஹமும் அவர்களின் சந்தைகளில் புழங்கின. அவற்றை எடை பார்த்து வாங்கினார்கள், எடை பார்த்துக் கொடுத்தார்கள். கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் அவர்கள் ஹிஜ்ரி 77ஆம் ஆண்டில்தான் தனி இஸ்லாமியத் தீனாரை வெளியிட்டார்கள். ஆகவே காசில் யாருடைய முத்திரை இருக்கிறது என்பதைவிட, அதன் எடையையும் மதிப்பையும் நிர்ணயிப்பவர் யார், அதில் நமக்குப் பங்கு உண்டா என்பதே முக்கியமான கேள்வி.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்கள் 1674இல் இங்குக் குடியேறியபோது, துணி வணிகம் செய்ய அவர்களிடம் வெள்ளி இருந்தது. ஆனால் இந்நாட்டுச் சந்தை ஏற்றுக்கொள்ளும் ரூபாய் இல்லை. வெள்ளிக் கட்டியை ரூபாயாக மாற்றும்போதெல்லாம் ஒரு பகுதி ‘வட்டம்’ என்ற கழிவாகச் சராப்புகளிடம் போயிற்று. நாணயம் மாற்றுவோரைக் குறிக்கும் சராப்பு என்ற சொல்லே ‘சர்ராஃப்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1736இல் ஆளுநர் துய்மா, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றார். புதுச்சேரி அக்கசாலையில் வார்க்கப்பட்ட அந்த ரூபாயில் பிரெஞ்சு மன்னரின் பெயர் இல்லை. டெல்லிப் பேரரசர் முஹம்மது ஷாவின் பெயர் பாரசீக எழுத்தில் இருந்தது. அருகில் புதுச்சேரியின் அடையாளமாக ஒரு பிறை இருந்தது.

பிரெஞ்சுக் கம்பெனி தன் பெயரை விட்டுக்கொடுத்துப் பொது நாணயத்தில் சேர்ந்துகொண்டதற்குக் காரணம் இலாபமே. ஆற்காட்டு ரூபாய் என்றால் வங்காளத்திலும் வாங்குவார்கள், தமிழ்நாட்டிலும் வாங்குவார்கள். அதே வேளையில் உள்ளூர்ச் சில்லறைக்கு அவர்கள் தனிக்காசு வைத்திருந்தார்கள். நம் பணம், துட்டு, காசு ஆகிய சொற்கள் ‘ஃபனோன்’, ‘துது’, ‘காஷ்’ என்று பிரெஞ்சு மொழியில் ஏறின. செம்புத் துட்டின் ஒரு பக்கம் பிரெஞ்சு அல்லிப்பூச் சின்னமும், மறுபக்கம் ‘புதுச்சேரி’ என்ற தமிழ் எழுத்தும் இருந்தன. பெரிய வணிகத்திற்குப் பொது நாணயம், காய்கறிக் கடைக்கு ஊர்க்காசு என்ற இந்த ஏற்பாடு ஒரு நூற்றாண்டு நீடித்தது.

1835இல் ஆங்கிலக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் 180 கிரெயின் எடையுள்ள ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் புதுச்சேரி அக்கசாலை ஓய்ந்தது. அதில் வியப்பில்லை. புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பன்று. பிரெஞ்சுக் கிராமங்களும் ஆங்கிலேயர் கிராமங்களும் பின்னிப் பிணைந்து கிடந்தன. ஒரு பிரெஞ்சுக் கிராமத்திலிருந்து மற்றொன்றிற்குப் போக ஆங்கிலேயர் எல்லையைக் கடக்க வேண்டும். அங்கே தனி நாணயம் என்றால், சந்தைக்குப் போகும் உழவர் நாளொன்றுக்கு இருமுறை காசு மாற்ற வேண்டியிருக்கும். 1875இல் தொடங்கப்பட்ட இந்தோசீன வங்கி பின்னர் புதுச்சேரியில் கிளை திறந்து தாள் பணம் வெளியிட்டபோதும், அத்தாளில் பிராங்க் என்று எழுதவில்லை. ரூபாய் என்றே எழுதியது.

இதுவரை சொன்னது நன்மை. இனி அதற்குக் கொடுத்த விலையைப் பார்ப்போம்.

1893 வரை எவரும் வெள்ளியைக் கொண்டுபோய் அக்கசாலையில் கொடுத்து ரூபாயாக மாற்றிக்கொள்ள முடிந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் ஆங்கிலேய அரசு அந்த வாசலை அடைத்தது. ரூபாய் உயர்ந்து நிற்க, வெள்ளி விலை சரிந்தது. வெள்ளி நகையே சேமிப்பாக இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு அது அடியாக விழுந்தது. முடிவெடுத்தவர்கள் இலண்டனிலும் கல்கத்தாவிலும் இருந்தார்கள். புதுச்சேரி மக்களும் அதே ரூபாயைத்தான் கையாண்டார்கள். ஆனால் அவர்களுடைய ஆளுநரையோ அவர்களையோ கேட்க வேண்டிய கடமை யாருக்கும் இருக்கவில்லை.

நாணயம் பொதுவாக இருந்தும் சுங்கம் பிரிந்தால் என்ன ஆகும் என்பதையும் இவ்வூர் கண்டது. 1941இல் பிரெஞ்சு இந்தியாவும் ஆங்கில இந்தியாவும் சுங்க ஒன்றியம் அமைத்துக்கொண்டன. 1949இல் சுதந்திர இந்தியா அதை முடித்துக்கொண்டதும், எல்லையெங்கும் சோதனைச் சாவடிகள் எழுந்தன. புதுச்சேரித் துறைமுகம் வழியே வந்த தங்கம் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டது. சிலர் திடீரென்று செல்வம் கொழித்தார்கள். நேர்மையாக வணிகம் செய்தவர்கள் தவித்தார்கள். பணம் ஒன்று, சட்டம் இரண்டு என்றால், அந்த இடைவெளியில் ஹராமான சம்பாத்தியம் முளைத்துவிடுகிறது.

மற்றொரு படிப்பினை கடல் கடந்து வந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர் பலர் சைகோன் சென்று துணிக்கடை வைத்தார்கள், அரசுப் பணி பார்த்தார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அங்கே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அவர்கள் ஈட்டிய பணம் பியாஸ்தர். வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றிற்கும் அதுவே பொது நாணயம். 1945 இறுதியிலிருந்து ஒரு பியாஸ்தருக்கு 17 பிராங்க் என்று பிரான்சு நிர்ணயித்திருந்தது. 1953 மே 11 அன்று அதை 10 பிராங்காகக் குறைத்தது. அம்மூன்று நாடுகளையும் கலந்து பேச வேண்டும் என்ற உடன்பாடு இருந்தும், கலந்து பேசாமலே முடிவெடுத்தது. 10,000 பியாஸ்தர் சேர்த்து வைத்திருந்தவருக்கு முதல்நாள் அது 1,70,000 பிராங்க். மறுநாள் 1,00,000 பிராங்க். உழைத்தவர் செய்த பிழை எதுவும் அதில் இல்லை.

இதே நிலையை நம் ரூபாயும் பிறருக்கு ஏற்படுத்தியது என்பதை மறைக்கக் கூடாது. குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் ஆகிய இடங்களில் ஒரு காலத்தில் இந்திய ரூபாயே புழங்கியது. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கென்றே தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் சொந்தத் தீனாருக்கு மாறிக்கொண்டன. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ரூபாய் ஆயிற்று. டெல்லியின் நெருக்கடிக்காக எடுத்த முடிவின் சுமை துபாய்ச் சந்தைமீதும் இறங்கியது. கத்தாரும் துபாயும் அவ்வாண்டே ரூபாயைக் கைவிட்டுத் தமக்கெனப் புதிய ரியாலை வெளியிட்டன. பெரிய நாட்டின் நாணயத்தில் சேர்ந்த சிறிய நாடு, அதன் நிழலில் இளைப்பாறும். அதன் கிளை முறிந்தால் தலையில் வாங்கும்.

அப்படியானால் பொது நாணயமே கூடாதா? அவ்வாறு முடிவு கட்டுவதும் நியாயமாகாது. செனகல், நைஜர் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பகிர்ந்துகொள்ளும் சி.எஃப்.ஏ. பிராங்க், பல அண்டை நாடுகளைவிட விலைவாசியைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. ஆனால் 1994 ஜனவரியில் பிரெஞ்சுப் பிராங்கிற்கு எதிரான அதன் மதிப்பு ஒரே நாளில் பாதியாக்கப்பட்டபோது, இறக்குமதிப் பொருள்களையும் மருந்தையும் நம்பியிருந்த மக்கள் பெரிதும் துன்புற்றார்கள். மறுபக்கம் புரூணையைப் பார்க்கலாம். மலேசியா, சிங்கப்பூர், புரூணை மூன்றும் 1967இல் தனித்தனி நாணயம் வெளியிட்டு, ஒன்றுக்கு ஒன்று சமம் என்று உடன்பாடு செய்துகொண்டன. 1973இல் மலேசியா விலகியது. சிங்கப்பூரும் புரூணையும் இன்றும் தொடர்கின்றன. புரூணை தன் தாளைத் தானே வெளியிடுகிறது, அதற்கு ஈடான இருப்பைத் தானே வைத்திருக்கிறது. விலக விரும்பினால் அதற்கான வழியும் உண்டு.

பிரான்சில் பணியாற்றி ஓய்வுபெற்ற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு வரும் ஓய்வூதியமும் 2002 முதல் யூரோவாகிவிட்டது. யூரோவிலும் குறை உண்டு. கடனில் மூழ்கிய கிரேக்கம் தன் நாணய மதிப்பைத் தானே மாற்றிக்கொள்ள முடியாமல் தவித்ததை உலகம் கண்டது. எனினும் மால்டா போன்ற மிகச் சிறிய நாட்டின் மத்திய வங்கித் தலைவருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆட்சிக் குழுவில் இருக்கை உண்டு. 1893இன் புதுச்சேரிக்கும் 1953இன் கம்போடியாவுக்கும் கிடைக்காதது அந்த இருக்கைதான்.

நாணய மதிப்பு வீழ்வது வீட்டுக் கொடுக்கல் வாங்கலிலும் பிரச்சினையாகிறது. மதிப்புக் குறைந்த பிறகு பழைய கடனை எப்படித் திருப்புவது என்பது பழைய கேள்வி. கடன் கொடுத்த எண்ணிக்கையே திருப்ப வேண்டும் என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. செம்புக் காசான ஃபுலூஸின் மதிப்பு மாறினால், கொடுத்த நாளின் மதிப்பைத் திருப்ப வேண்டும் என்றார்கள் அவர்களின் மாணவர் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள். தத்தம் வழக்குகளுக்கு ஆலிம்களை அணுகிக் கேட்டுக்கொள்வதே முறை. ஒருவரின் உழைப்பு மற்றொருவரின் முடிவால் கரைந்துவிடக் கூடாதே என்ற கவலை, அன்றே நம் இமாம்களுக்கு இருந்தது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

தமிழில் காசையும் நேர்மையையும் நாணயம் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். பொது நாணயம் சிறிய நாட்டிற்கு நன்மை தரும். வணிகம் எளிதாகும், கழிவு மிச்சமாகும், சந்தை விரியும். ஆனால் அது பலரும் ஒப்படைத்த அமானிதம். அதன் மதிப்பை மாற்றும் இடத்தில் சிறியவருக்கும் குரல் இருக்க வேண்டும். பொருளும் மனிதரும் தடையின்றிச் செல்ல வேண்டும். விலகும் வழி எழுத்தில் இருக்க வேண்டும். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதற்கு முன்பும் ரூபாய்தான், பின்பும் ரூபாய்தான். ஆயினும் அந்த ரூபாயைப் பற்றிப் பேசும் நாடாளுமன்றத்தில் இன்று புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினரும் மாநிலங்களவையில் ஓர் உறுப்பினரும் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் அது சிறிது. முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட்டால் பெரிது.

நம் உழைப்பிலும் கொடுக்கல் வாங்கலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவனே யாவற்றையும் நன்கறிந்தவன்.