அரசரா, நாடா, வீடா?: இரண்டாம் உலகப் போர்க்காலச் சிப்பாய்க் கடிதங்களும் ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும்

முன்னுரை

போர்முனையிலிருந்து இந்தியச் சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்த தணிக்கை அதிகாரி முதன்மையாகத் தேடியது ஒன்றைத்தான்: இவன் அரசருக்கு விசுவாசமானவனா, இல்லையா? 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய இந்திய தேசிய ராணுவ வழக்கிலும் இக்கேள்வியே மேலெழுந்தது. அடிமைப்பட்ட மக்கள் தம் விடுதலைக்காகப் போரிடுவது குற்றமாகாது என்று குற்றம் சாட்டப்பட்டோரின் வழக்கறிஞர் புலாபாய் தேசாய் வாதாடினார். கேட்டவர் யாராயினும், கேள்விக்குள் இருந்தவை இரண்டே பக்கங்கள்தாம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இந்த இருபக்கக் கணக்கு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சான்றுகளின் எல்லை

இந்தியச் சிப்பாய்க் கடிதங்கள் என்றதும் நினைவுக்கு வருவது முந்தைய போரின் தொகுப்பு. முதல் உலகப் போரில் பிரான்சின் பூலோன் நகரில் இந்தியத் தபால்களுக்கெனத் தணிக்கை அலுவலகம் இயங்கியது. அங்கு மொழிபெயர்த்துத் தொகுக்கப்பட்ட பகுதிகளிலிருந்து தேர்ந்தெடுத்து வரலாற்றாசிரியர் டேவிட் ஓமிசி 1999இல் நூலாக்கினார். அவற்றில் கேட்பவை பெரும்பாலும் வட இந்தியக் குரல்கள். சென்னை மாகாணப் படைகள் பிற முனைகளுக்கே மிகுதியாக அனுப்பப்பட்டன. 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் போரிட்டது. ஆகவே பூலோன் தொகுப்பைக் கொண்டு தமிழ்ச் சிப்பாயின் மனத்தை அளப்பது முறையன்று.

மேலும், கடிதம் தணிக்கைக்குள்ளாகும் என்பதைச் சிப்பாய்கள் அறிந்திருந்தனர். முதல் உலகப் போரில் இந்தியப் படையினரைக் ‘கறுப்பு மிளகு’ என்றும் வெள்ளையரைச் ‘சிவப்பு மிளகு’ என்றும் குறித்து, எது தீர்ந்துவருகிறது என்று வீட்டுக்குத் தெரிவித்தவர்கள் உண்டு. எழுதத் தெரிந்த தோழர் எழுதிக்கொடுக்க, ஊரில் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, கடிதம் பலர் காதுக்கும் போயிற்று. அரசியல் பேசாத கடிதத்தை விசுவாசக் கடிதம் என்று வரவில் வைக்க முடியாது.

ஊரின் அரசியல்

ஊர் ஒரே குரலில் பேசியிருந்தால் சிப்பாயின் மௌனத்தைக் கணிப்பது ஓரளவு எளிது. நிலைமை அப்படியில்லை. போரில் இந்தியாவைச் சேர்த்ததை எதிர்த்து 1939 அக்டோபர் இறுதியில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. போர் நிதி வசூலை எதிர்த்த காமராசர் 1940 டிசம்பரில் கைதானார். அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நேதாஜியின் ஃபார்வர்டு பிளாக்கைச் சேர்ந்த, அதே மாவட்டத்து முத்துராமலிங்கத் தேவர் போர்க்காலத்தின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தார். ராஜாஜியோ 1942இல் காங்கிரசை விட்டு விலகி, ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற ஆகஸ்ட் போராட்டத்தை எதிர்த்தார். பெரியாரும் நீதிக்கட்சியும் போர் முயற்சியை ஆதரித்தனர். சோவியத் நாட்டை ஹிட்லர் தாக்கிய பின் கம்யூனிஸ்டுகள் இதை மக்கள் யுத்தம் என்றனர். இவர்களில் யார் பக்கம் நின்றால் சிப்பாய் நாட்டுக்கு விசுவாசமானவன்?

உறவின் பிளவும் இதனோடு சேர்ந்தது. பிழைப்புக்காகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆட்களை அனுப்பிய மாவட்டம் இது. மலேயாத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர் பலர் 1943 முதல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். அண்ணன் பிரிட்டிஷ் படையிலும் தம்பி எதிர்ப்படையிலும் இருக்கக்கூடிய சூழலில், பிளவு சிப்பாயின் மனத்துக்குள் மட்டுமல்ல, குடும்பத்துக்குள்ளேயே விழக்கூடியது.

மணியார்டரும் விலைவாசியும்

1942இல் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி வரத்து நின்றது. 1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் நூல் நூற்ற ஊரிலும் துணி கட்டுப்பாட்டுப் பொருளாயிற்று. இக்காலத்தில் மத்தியக் கிழக்கிலிருந்த இந்தியப் படையினரின் கடிதங்களில் ஊர் விலைவாசி பற்றிய கவலை மிகுந்திருந்ததைத் தணிக்கை அறிக்கைகள் காட்டுகின்றன. சம்பளத்தில் ஒரு பகுதி மாதாமாதம் மணியார்டராக வீடு சேரும். அந்தப் பணத்துக்கு எத்தனை படி அரிசி கிடைக்கும் என்ற கேள்வி வெறும் குடும்பக் கவலையன்று. உயிரைக் கேட்கும் அரசு, வீட்டுக்குச் சோறு போடும் கடமையைச் செய்கிறதா என்று சிப்பாய் கணக்குக் கேட்கிறான். அது அரசியலே.

அப்படியானால் அவன் கூலிப்படையாள்தானே என்ற மறுப்பு எழலாம். கூலி மட்டுமே குறியாயின், வாங்கிய பணத்தோடு அவன் எதிர்பார்ப்பு முடிந்திருக்கும். அரசு தன் வீட்டாரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தவன், விசுவாசத்தை நிபந்தனையோடு கொடுத்தவன்.

முடிவுரை

அரசர், நாடு என்னும் இரண்டோடு வீடு என்பதையும் மூன்றாம் அளவுகோலாகக் கொள்ளாமல் இக்கடிதங்களை வாசிக்க இயலாது. லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருப்பவை தணிக்கையாளர் தேர்ந்தெடுத்த வரிகளே. முழுக் கடிதம் இருக்கக்கூடிய இடம் வீட்டுப் பரண். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அத்தகைய கடிதம் வைத்திருப்போர், தணிக்கை முத்திரையுள்ள உறையையும் மணியார்டர் துண்டையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்றுத் துறைகள் அவற்றைப் படியெடுத்துப் பதிப்பிக்க முன்வர வேண்டும்.