இடையன் வெட்டு

வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிறவனை எங்கள் பக்கம் ‘இடையன் வெட்டு அறாவெட்டு’ என்று கேலி செய்வார்கள். இடையன் வெட்டிய கிளை அறுந்து விழாது. பாதி வெட்டோடு பட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும். பழமொழி நானூறிலேயே இடையன் வெட்டிய மரம் உவமையாக வருகிறது. அத்தனை பழைய காட்சி இது.

கொஞ்சம் யோசித்தால் அந்த வெட்டில் அரைகுறை எதுவும் தெரியவில்லை. கிளை ஆட்டின் வாய்க்கு எட்டும் அளவுக்குத் தாழ்கிறது. தழை உடனே வாடுவதில்லை. மரமும் பிழைத்துக்கொள்கிறது, அடுத்த மழைக்குத் துளிர்க்கிறது. நாளைக்கும் இதே மரத்திடம்தான் வரவேண்டும் என்று தெரிந்தவனின் வெட்டு அது. ஒரு தொழில்நுணுக்கம் எப்படியோ வசவாகிவிட்டது.

செம்மறி குனிந்து புல் மேயும். வெள்ளாடு நிமிர்ந்து தழை தேடும். முள்ளுக்கு நடுவே இலையை மட்டும் பறிக்க அதன் மேலுதடு வளைந்து கொடுக்கும். எட்டாவிட்டால் பின்னங்காலில் எழுந்து நின்றுகொள்ளும். “வெறும் புல்லைப் போட்டா மோந்து பாத்துட்டு நிக்குங் கண்ணு, தழை ஒடிச்சாந்து கட்டோணும்” என்பார்கள் ஆடு வளர்க்கும் ஆத்தாக்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கிற பிராணி என்பதால், அது ஒதுக்குகிற செடிகளுக்கு அந்த ஒதுக்கலே பெயராகிவிட்டது. ஆடுதின்னாப்பாளை ஒன்று. ‘ஆடு தொடா இலை’தான் ஆடாதொடை ஆனது என்பதும் உண்டு.

கொங்கின் நடுப்பகுதி மழைமறைவு நிலம். காங்கயம், தாராபுரம் பக்கம் ஆண்டுக்கு 600 மி.மீ. சுற்றித்தான் மழை. இந்த வறட்சிக்கு இங்குள்ள குடியானவர்கள் கண்ட பதில் கொறங்காடு. சொந்தப் பட்டா நிலத்தை உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைப்பார்கள். கீழே கொழுக்கட்டைப்புல், மேலே ஆங்காங்கே வெள்வேலமரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. புல் காய்ந்து தரை வெளுத்துப்போகும் கோடையில் வெள்வேலங்காய் உதிரும்; ஆடுமாடுகள் அதைத் தேடித் தின்னும். போத்து ஒடித்து நட்டாலே கிளுவை பிழைத்துக்கொள்ளும். அது வேலியாகவும் இருக்கும், ஆட்டுக்குத் தழையாகவும் ஆகும். காங்கயம் மாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கொறங்காட்டையும் பேசுகிறோம். அந்த வேலியோரம் தின்று வளர்ந்த வெள்ளாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

1876-78 தாது வருஷப் பஞ்சம் கோயம்புத்தூர் ஜில்லாவைக் கடுமையாக அடித்தது. மனிதர்களோடு கால்நடைகளும் செத்தன. அது முடிந்து நான்கே வருஷத்தில், 1882-இல், சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காடுகளில் அனுமதியில்லாமல் மேய்ப்பதும் கிளை கழிப்பதும் குற்றமாயின. வனத்துறையின் கண்ணுக்கு வெள்ளாடு காட்டை அழிக்கும் பிராணி. தொரட்டி பிடித்தவன் அதற்கு உடந்தை. இளங்கன்றுகளை வெள்ளாடு மொட்டையடித்துவிடும் என்பதில் உண்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அழிக்கிற வெட்டையும் பிழைக்கவிடுகிற வெட்டையும் அந்தச் சட்டம் பிரித்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. காட்டில் குற்றமாகிப்போன அதே வெட்டு, பட்டா நிலத்தில் விவசாய வேலையாக நீடித்தது. பட்டா இருந்தவனுக்குக் கொறங்காடு இருந்தது. இல்லாதவனுக்குப் பாதையோரமும் புறம்போக்கும் அடுத்தவன் வேலியும்தான் மிஞ்சின.

இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு ஏழைக் கிராமக் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடுகள் தரும் திட்டத்தைத் தொடங்கியது. நிலமில்லாத பெண்களுக்கென்று வகுத்த திட்டம். நல்ல விஷயம்தான். ஆனால் நிலமில்லாத வீட்டில் தழை எங்கிருந்து வரும்? 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அது தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. சத்தியமங்கலம் ஒரு புலிகள் காப்பகம்.

தழைப் பஞ்சத்துக்கு மரம் வெளியூரிலிருந்தும் வந்தது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் சூபாபுல் 1970, 80-களில் இந்தியா முழுக்கப் பரப்பப்பட்டது. நம் ஊரில் அது சவுண்டல். காய்ந்த தழையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். ஆனால் மைமோசின் என்ற நஞ்சும் உண்டு. அளவு மீறினால் ரோமம் கொட்டும், தைராய்டு வீங்கும். அதனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பார்கள். இதில் ஒரு அழகான கதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்தத் தழையால் கால்நடைகள் நோயுற்றன. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதையே தின்று நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அந்த ஆடுகளின் இரைப்பை நீரை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் அங்குள்ள கால்நடைகளுக்குள் செலுத்தினார். அவையும் தாங்கத் தொடங்கின. காரணமான பாக்டீரியாவுக்கு 1992-இல் அவர் பெயரையே சூட்டினார்கள்: சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை. தழை தெரிந்தால் போதாது, அதைத் தின்னும் வயிறும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஆத்தாக்களுக்குப் பாக்டீரியா தெரியாது. ஆனால் ஒரே தழையை நாள் முழுக்கப் போடமாட்டார்கள். காலையில் வேம்பு, மத்தியானம் கொஞ்சம் பூவரசு, சாயங்காலம் கிளுவையோ கல்யாணமுருங்கையோ. கலந்து தின்றால் எந்த நஞ்சும் அளவைத் தாண்டாது என்பதுதான் அதன் உள்ளர்த்தம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இப்போது கிளுவை வேலிகள் போய்க்கொண்டிருக்கின்றன. கொறங்காடு சைட்டாகிறது, வேலி இருந்த இடத்தில் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். ஒரு பொக்லைனுக்கு அது அரைநாள் வேலை. நிலத்துக்காரருக்கு நட்டம் ஒன்றுமில்லை, இடமும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. நட்டம் அந்த வேலியில் தினம் ஒரு கட்டுத் தழை ஒடித்துப்போன பெண்ணுக்கு. அவள் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. வேலி போனதற்கு அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் போவதில்லை. தழை கிடைக்காத வருஷம் அவள் முதலில் விற்பது பெட்டையாட்டைத்தான். அதோடு பட்டியே முடிந்துபோகும்.